ஏரி மண் லாரி ஏறும்போது: வடசென்னைப் புறநகரில் சவுடு, மணல் கொள்ளையை எதிர்கொள்ள முழுமையான வழிகாட்டி

மீஞ்சூர், பொன்னேரி, சோழவரம், செங்குன்றம் பக்கம் தை பிறந்து ஏரியில் தண்ணீர் இறங்கியதும் ஹிட்டாச்சி இறங்கும். எண்ணூரிலிருந்து காட்டுப்பள்ளி வரை சதுப்பும் தாழ்வுமான நிலம். அங்கே கிடங்கு, சாலை, மனை எது வந்தாலும் முதலில் மண் கொட்டி மேடாக்க வேண்டும். அந்த மண் கொசஸ்தலையாறு, ஆரணியாறு ஓரத்து ஏரிகளிலும் தாங்கல்களிலும் பட்டா நிலங்களிலும் இருந்து போகிறது. சிலவற்றுக்கு முறையான அனுமதி உண்டு. அனுமதித்த அளவுக்கு மேல் தோண்டுவதும், சவுடு (பள்ளம் மேடாக்கக் கொட்டும் மண்) என்ற பெயரில் மணல் அள்ளுவதும்தான் பெரும்பாலான சண்டைகளின் மூலம்.

லாரியை மறித்தால் அது ஒரு வாரம் நிற்கலாம். ஆணையில் 1 மீட்டர், குழியில் 3 மீட்டர் என்று அளந்து எழுதிக் கொடுத்தால் அதிகாரி அதற்குப் பதில் எழுதியே ஆகவேண்டும். ஆகவே இந்த வழிகாட்டியில் கோஷத்தைவிட டேப்புக்கும் நோட்டுக்கும்தான் இடம் அதிகம்.

முதலில், போவது என்ன மண்?

வண்டல், களி, சவுடு, கிராவல், ஆற்றுமணல் ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. ஏரி வண்டலையும் களியையும் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள அரசு அனுமதிக்கிறது. ஏக்கருக்கு நஞ்சையில் 75 கனமீட்டர், புஞ்சையில் 90 கனமீட்டர், மண்பாண்டத்துக்கு 60 கனமீட்டர் என்பது கணக்கு. 2024 முதல் இந்த அனுமதியைத் தாசில்தாரே தருகிறார். இதை எதிர்க்காதீர்கள். டிராக்டரில் வண்டல் அடிக்கும் விவசாயியையும் டாரஸ் லாரியில் மண் ஏற்றும் ஒப்பந்தக்காரரையும் ஒரே மனுவில் சேர்த்தால் ஊர் அன்றைக்கே இரண்டாகும். ஆனால் விவசாயி பெயரில் வாங்கிய வண்டல் அனுமதியைக் காட்டி மனைப்பிரிவுக்கு லாரி ஓடினால் அது வேறு கதை. லாரி எங்கே கொட்டுகிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஆற்றுமணல் குவாரி நடத்தும் உரிமை, தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளில் 2003ல் சேர்த்த 38-ஏ விதிப்படி அரசிடம் இருக்கிறது. அதனால்தான் மணலுக்குச் சவுடு என்று பெயர் மாறுகிறது. மேலே ஓரடி, ஈரடிதான் சவுடு. அடியில் பழைய ஆற்றுப்படுகை மணல். 2021ல் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, மண்ணில் என்ன கனிமம் எவ்வளவு என்ற ஆய்வக அறிக்கை இல்லாமல் சவுடு முதலிய பேச்சுவழக்குப் பெயர்களில் குவாரி அனுமதி தரக்கூடாது என்று தீர்ப்பளித்தது. இது உங்கள் கையில் இருக்கும் வலுவான சீட்டுகளில் ஒன்று.

மண்ணை நீங்களே சோதிக்கலாம். நேரான கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டு ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். அந்த மட்டத்தில் பேனாவால் கோடு போடுங்கள். இரண்டு மணி நேரத்தில் படிவது வண்டல். மறுநாள் வரை தொங்கி நின்று படிவது களி. மூன்று அடுக்கையும் ஸ்கேலால் அளந்தால் மணல் எவ்வளவு என்று தெரியும். இது நீதிமன்றச் சாட்சியம் ஆகாது. ஆனால் 'ஆய்வக அறிக்கை எங்கே?' என்று எழுத்தில் கேட்கப் போதுமான காரணம். மேற்பரப்பு மண்ணை மட்டும் எடுத்துச் சோதிப்பது வழக்கமான தவறு. குழிச் சுவரில் மேல், நடு, அடி என மூன்று இடத்தில் எடுங்கள்.

எந்த அலுவலகம்?

வடசென்னையில் பாதி மனுக்கள் இங்கேதான் தொலைகின்றன. திருவொற்றியூர், மாதவரம் வட்டங்கள் 2018ல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டன. எண்ணூர் ஆற்றின் தென்கரை சென்னை ஆட்சியருக்கு. அத்திப்பட்டு, வல்லூர், காட்டுப்பள்ளி, பழவேற்காடு எல்லாம் பொன்னேரி வட்டம், திருவள்ளூர் ஆட்சியருக்கு. காவல்துறை எல்லை இதோடு ஒட்டாது. மீஞ்சூர், சோழவரம், செங்குன்றம் ஆவடி காவல் ஆணையரகத்தில் வருகின்றன. சென்னை மாநகராட்சிப் பகுதியில் கிராமசபை கிடையாது. மீஞ்சூர் பேரூராட்சி, அங்கேயும் கிடையாது. சுற்றியுள்ள ஊராட்சிகளில் உண்டு.

ஆகவே முதல் வேலை சர்வே எண். குழி இருக்கும் இடத்தில் நின்று கைபேசியில் அட்சரேகை, தீர்க்கரேகை குறித்துக்கொள்ளுங்கள். வருவாய்த்துறையின் இணைய சேவையில் 'அ' பதிவேடும் புலப்படமும் பார்க்கலாம். நிலம் ஏரிப் புறம்போக்கா, மேய்க்காலா, பட்டாவா என்று அதில் தெரியும். புறம்போக்கு என்றால் நீர்வளத்துறையோ ஊராட்சியோ அதன் காவலன். பட்டா என்றால் உள்ளே கால் வைக்காதீர்கள், அத்துமீறல் வழக்கு வரும். எல்லைக்கு வெளியே நின்றே படம் எடுக்கலாம். பட்டா குவாரிக்குப் பக்கத்துப் பட்டா நிலத்திலிருந்து 7.5 மீட்டரும் அரசுப் புறம்போக்கிலிருந்து 10 மீட்டரும் தோண்டாமல் விட வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். அந்த இடைவெளியை வேலிக்கு வெளியிலிருந்தே பார்த்துவிட முடியும்.

காகிதத்தை வாங்குங்கள்

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, உதவி இயக்குநர், புவியியல் மற்றும் சுரங்கத்துறை, மாவட்ட ஆட்சியர் அலுவலகம் என்று பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 'ஏன் அனுமதித்தீர்கள்?' என்று கேட்டால் பதில் வராது. ஏன் என்பது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள். கேட்க வேண்டியவை: குறிப்பிட்ட சர்வே எண்ணுக்கு வழங்கிய ஆட்சியரின் செயல்முறை ஆணை, சுரங்கத் திட்டமும் வரைபடமும், சுற்றுச்சூழல் அனுமதி, மண்ணின் ஆய்வக அறிக்கை, நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று, நாள்வாரியாக வழங்கிய நடைச்சீட்டுகளின் (லோடு கொண்டுபோகும் அனுமதிச் சீட்டு) எண்ணிக்கை, கட்டிய சீனியரேஜ் (அரசுக்குச் செலுத்தும் கனிமக் கட்டணம்) தொகை, அலுவலர்கள் குவாரியைப் பார்வையிட்ட அறிக்கைகள்.

இவற்றில் உயிர்நாடி நடைச்சீட்டுக் கணக்கு. ஒவ்வொரு லோடுக்கும் ஒரு சீட்டு இருக்க வேண்டும். சீட்டில் 700 லோடு, உங்கள் நோட்டில் 4,000 லோடு என்றால் மீதி திருட்டு என்று அரசின் காகிதமே சொல்லும்.

பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையில் முதல் மேல்முறையீடு. அதற்கும் சரியான பதில் இல்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையத்தில் காலதாமதம் ஆகும், அதற்குள் ஏரி காலியாகிவிடும். எனவே ஒரே கேள்வியைச் சுரங்கத்துறை, நீர்வளத்துறை, தாசில்தார் அலுவலகம் மூன்றுக்கும் தனித்தனியாக, மூன்று பேர் பெயரில் அனுப்புங்கள். ஒரு அலுவலகம் மறைப்பதை இன்னொன்று தந்துவிடுவது உண்டு. 2(ஜே) பிரிவில் கோப்பை நேரில் பார்வையிடவும் உரிமை இருக்கிறது; நகல் கேட்டால் இழுக்கும் அலுவலகத்தில் இது வேலை செய்யும்.

காகிதத்தின் பலத்துக்கு எண்ணூரே உதாரணம். கழிமுகத்துக்கு 1996ல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல வரைபடத்தைத் தகவல் உரிமைச் சட்டம் வழியே வாங்கிய பிறகுதான், பிந்தைய வரைபடத்தில் கழிமுகம் எப்படிக் காணாமல் போனது என்று கேட்க முடிந்தது.

சுற்றுச்சூழல் அனுமதியை மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் நீங்களே தேடலாம். 2012ல் தீபக் குமார் வழக்கில் உச்சநீதிமன்றம், 5 ஹெக்டேருக்குக் குறைவான சிறுகனிமக் குவாரிக்கும் இந்த அனுமதி வேண்டும் என்று சொல்லிவிட்டது. சாலை, ரயில்பாதை போன்ற வேலைகளுக்குச் சாதாரண மண் எடுக்க அனுமதியே தேவையில்லை என்று 2020 மார்ச்சில் மத்திய அரசு தந்த விலக்கை 2024 மார்ச்சில் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. 2025 மார்ச்சில் நிபந்தனைகளோடு புது விலக்கு வந்தது; ஆகவே 'ரோடு வேலைக்குப் போகிற மண், அனுமதி தேவையில்லை' என்று யாராவது மொட்டையாகச் சொன்னால், அந்த நிபந்தனைகளைக் கடைப்பிடித்த காகிதத்தைக் கேளுங்கள். அனுமதி பெற்றவர் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிபந்தனைகளைக் கடைப்பிடித்த அறிக்கையைத் தரவேண்டும். பல குவாரிகளை இந்த அறிக்கை கேட்டாலே மடக்கிவிடலாம்.

லாரியை எண்ணுவது

இதில் அவசரப்பட்டவர்கள் எல்லாம் பிறகு விழிக்கிறார்கள். டீக்கடை, பஸ் நிறுத்தம், உங்கள் வீட்டுத் திண்ணை என ஊர் வாயிலில் வழக்கமாக ஆள் நிற்கும் இடமே போதும். ஒரு நோட்டில் ஐந்து பத்தி: தேதி, நேரம், வண்டி எண், லோடா காலியா, போகும் திசை. ஒருவருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், கை தவறும். தொடர்ந்து 7 நாள், அதில் ஒரு ஞாயிறும் இரண்டு இரவும் இருக்கட்டும். எழுதியவர் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்திட வேண்டும். பக்கத்தைக் கிழிக்காதீர்கள், தப்பாக எழுதியதை அடித்துப் பக்கத்தில் எழுதுங்கள். வெள்ளைத் திரவம் தடவிய நோட்டை எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நிமிடத்திலேயே பிடித்துக்கொள்வார்.

ஒரு லோடு எவ்வளவு? நிற்கும் வண்டியின் தொட்டியை அடிக்கணக்கில் அளந்து, நீளம், அகலம், உயரம் பெருக்கி 100ஆல் வகுத்தால் யூனிட். 14 அடி நீளம், ஏழரை அடி அகலம், 4 அடி உயரம் என்றால் 420 கனஅடி, அதாவது 4.2 யூனிட், ஏறத்தாழ 11.9 கனமீட்டர். ஆணை கனமீட்டரில் இருக்கும், லாரிக்காரர்கள் யூனிட்டில் பேசுவார்கள். 1 யூனிட் 2.83 கனமீட்டர்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆணையில் 60 நாளில் 9,000 கனமீட்டர் எடுக்கலாம் என்று இருக்கிறது. 11.9ஆல் வகுத்தால் 756 லோடு, ஒரு நாளைக்கு 12 அல்லது 13. உங்கள் நோட்டில் தினம் 80 லோடு. அப்படியானால் அனுமதித்த மண் பத்தாவது நாளுக்குள்ளேயே முடிந்திருக்க வேண்டும். இங்கே எதிர்த்தரப்பு ஒரு விஷயத்தைக் கிளப்பும்: தோண்டிய மண் உப்பும், லாரியில் இருப்பது குழியில் இருந்ததைவிட அதிக இடம் அடைக்கும். அது உண்மைதான். கால்பங்கு உப்பியது என்று வைத்தால் 11.9 கனமீட்டர் லோடு குழிக்கணக்கில் 9.5 ஆகும். அப்போதும் 947 லோடுதான் அனுமதி, 12 நாளில் முடிந்துவிடும். மனுவில் இரண்டு கணக்கையும் நீங்களே எழுதிவிடுங்கள். அவர்கள் சொல்லப்போகும் பதிலை முன்கூட்டியே எழுதிய மனுவைத் தள்ளுவது கடினம்.

குழியை அளப்பது

குழி ஆழத்தைச் சரிவில் டேப் விட்டு அளந்தால் தப்பாக வரும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூப் போதும். உள்ளே தெரியும் 15 மீட்டர் பிளாஸ்டிக் டியூப், சென்டிமீட்டர் குறித்த இரண்டு மூங்கில் கழி, மூன்று பேர். டியூபில் தண்ணீரை மெதுவாக நிரப்பி, உள்ளே ஒரு குமிழிகூட இல்லை என்று முழு நீளத்துக்கும் கண்ணால் பாருங்கள். ஒரு குமிழி இருந்தால் அளவு பொய். ஒருவர் தோண்டாத பழைய தரையில் கழியை நிறுத்துகிறார், மற்றவர் குழிக்குள் ஒரு படி இறங்கி நிறுத்துகிறார். தண்ணீர் ஆட்டம் நின்றதும் இருவரும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டும். மேல்கழியில் 20, கீழ்கழியில் 165 என்றால் அந்த இடம் 145 சென்டிமீட்டர் பள்ளம். பிறகு கீழே இருப்பவர் அசையாமல் நிற்க, மேலே இருந்தவர் அவரைத் தாண்டி இன்னும் கீழே இறங்குகிறார். அடுத்த வித்தியாசம் 175 என்றால் மொத்தம் 3.2 மீட்டர். மூன்றாவது ஆள் எண்களைச் சத்தமாகத் திரும்பச் சொல்லி எழுதுகிறார்.

இப்படிக் குறைந்தது 12 இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். ஆழமான இடத்தை மட்டும் காட்டினால் மற்ற இடத்தைக் காட்டி உங்களைப் பொய்யர் ஆக்குவார்கள். குழியின் மேல் நீளமும் அடி நீளமும் வேறு வேறு. இரண்டின் சராசரியை எடுங்கள், அகலத்துக்கும் அப்படியே. சராசரி 60 மீட்டருக்கு 40, ஆழம் 3.2 என்றால் 7,680 கனமீட்டர். ஆணை 1 மீட்டர் என்றால் அதே இடத்தில் 2,400 மட்டுமே.

பழைய தரை எது என்பதில்தான் தகராறு வரும். மண் வெட்டும்போது நடுவில் தோண்டாமல் விட்ட மேடு, மரத்தின் வேர் மட்டம், கரைச் சரிவின் அடி, எல்லைக்கல் இவை சாட்சி. அதைவிட உறுதியானது, குவாரி தொடங்கும் முன் மதகின் அடிப்படிக்கட்டைப் பூஜ்யமாக வைத்து ஏரிக்குள் சில இடங்களின் மட்டத்தை எழுதி வைப்பது. மதகு அடிமட்டத்தைப் பார்ப்பதில் இன்னொரு லாபம் இருக்கிறது. அதற்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் மதகு வழியாக வயலுக்கு ஒருபோதும் வராது. 'தூர்வாரினோம், கொள்ளளவு கூடியது' என்ற வாதத்துக்கு இதுவே பதில். தூர்வாருவது ஏரி முழுக்க ஒரே சீராக மேல்வண்டலை எடுப்பது. ஒரு மூலையில் கிணறு போல வெட்டினால் அது தூர்வாருதல் ஆகாது. கரையை ஒட்டி வெட்டியிருந்தால் கரை அடிமண் சரிந்து மழையில் உடைப்பு எடுக்கும். அதைத் தனி மனுவாக, அவசரம் என்று எழுதுங்கள்.

ஆற்றுப்படுகை என்றால் மத்திய அரசின் மணல் வழிகாட்டு நெறிகளைப் பாருங்கள். ஆழம் 3 மீட்டர் அல்லது நிலத்தடி நீர்மட்டம், இவற்றில் எது குறைவோ அதுவரைதான். சூரியன் மறைந்தபின் வேலை கூடாது. பாலத்துக்கு மேல்புறம் குறைந்தது 250 மீட்டரும் கீழ்புறம் 500 மீட்டரும் விலகியிருக்க வேண்டும்.

கூகுள் எர்த் ப்ரோவில் பழைய படங்களைத் தேதியோடு பார்க்கலாம், எல்லை வரைந்தால் பரப்பையும் தரும். செயற்கைக்கோள் படம் ஆழத்தைச் சொல்லாது, எப்போது தொடங்கியது என்பதைச் சொல்லும். சென்டினல்-2 படங்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும். 10 மீட்டர் துல்லியம்தான், ஐப்பசி கார்த்திகையில் மேகம் மறைக்கும். டிரோன் ஆசை வேண்டாம். துறைமுகமும் அனல்மின் நிலையமும் உள்ள பகுதி. அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், எடுத்த போனிலும் மூலக்கோப்பை அழிக்காமல் வையுங்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியம் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் தர வேண்டும். எந்தக் கருவியில் எடுத்தது என்று கேட்பார்கள். அதை விற்றுவிட்டால் சிக்கல்.

கிணற்றுத் தண்ணீர்: இங்கே ஒரு பொறி உண்டு

மீஞ்சூர் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறுவது பழைய கதை. சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் கிணற்றுக் களங்களிலிருந்து உறிஞ்சியதில் 1969ல் 3 கிலோமீட்டர் உள்ளே வந்திருந்த உப்பு, 1983ல் 9 கிலோமீட்டரைத் தொட்டது. ஆகவே 'குவாரி வந்ததால் தண்ணீர் உப்பானது' என்று மட்டும் எழுதினால், இங்கே எப்போதும் உப்புதான் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மணல் படுகைதான் மழைநீரைப் பிடித்து உப்பைத் தள்ளி வைக்கிறது என்பது உண்மை; ஆனால் அதை எண்ணால் காட்ட வேண்டும்.

குழிக்கு 500 மீட்டருக்குள் மூன்று கிணறு, 2 கிலோமீட்டர் தள்ளி அதே ஆழமுள்ள இரண்டு கிணறு தேர்ந்தெடுங்கள். தள்ளியிருப்பவைதான் ஒப்பீட்டுக் கிணறுகள். எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். வாரம் ஒருமுறை, விடியற்காலையில், மோட்டார் போடும் முன், கயிற்றில் எடை கட்டி விளிம்பிலிருந்து நீர்மட்டம் அளந்து, டி.டி.எஸ். மீட்டரில் (தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் கருவி) ஒரு அளவும் எழுதுங்கள். இரண்டு வகைக் கிணறும் ஒன்றாக இறங்கினால் அது கோடை. குழிப்பக்கம் மட்டும் வேகமாக இறங்கினால் குவாரி.

குடிநீர்த் தரத்தில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 2,000 வரை. குளோரைடு 250, உச்சம் 1,000. மீட்டர் அளவு வழிகாட்ட மட்டுமே. மனுவோடு வைக்கத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்த அறிக்கை வேண்டும். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான 2 லிட்டர் கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, காற்று இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, கிணறு, தேதி, நேரம், எடுத்தவர் பெயர் ஒட்டுங்கள்.

ஆற்றிலோ கழிமுகத்திலோ கடும்கோடையில் உப்பு ஆயிரத்துக்கு 5 பங்கைத் தொடும் இடம்வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதி எட்டும். அங்கே மணல் அள்ளுவது தடை. சித்திரை, வைகாசியில் ஆற்றுநீரையும் அளந்து வைத்தால் இந்த வாசல் திறக்கலாம்.

ஊரைச் சேர்த்து வைத்திருப்பது

சட்டத்தைவிட இது கஷ்டம். குவாரி வரும்போதே கோயில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை, விளையாட்டுக் குழுவுக்குச் சட்டை, ஊர்த்திருவிழாவுக்கு லைட் செட் எல்லாம் வரும். ஊரிலேயே நாலு பேர் டிரைவராகவும் இரண்டு பேர் சீட்டு எழுதுபவராகவும் இருப்பார்கள். அவர்களைத் துரோகி என்று மேடையில் சொன்னால் அவர்கள் வீட்டாரும் போய்விடுவார்கள். குவாரி நிற்கும் மாதங்களில் அந்தக் குடும்பத்துக்கு என்ன வழி என்று முதல் கூட்டத்திலேயே பேசுங்கள்.

இறால் தடவிப் பிழைக்கும் இருளர் குடும்பங்கள், நடவுக்குப் போகும் பெண்கள், ஆடு மேய்ப்பவர்கள்தான் ஏரியைத் தினமும் பார்ப்பவர்கள். கூட்டம் ஆண்கள் மட்டும் உட்காரும் கோயில் மண்டபத்தில் நடந்தால் அவர்கள் வரமாட்டார்கள். சாயங்காலம் தண்ணீர்க் குழாயடிக்குப் பக்கத்தில் போடுங்கள். வரவு செலவை மாதம் ஒருமுறை ஒட்டுங்கள். பணம் வாங்கிவிட்டார்கள் என்ற வதந்தி வரத்தான் செய்யும், அன்றைக்கு அந்தத் தாள்தான் பேசும்.

ஊராட்சி என்றால் கிராமசபைத் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள். தீர்மான வாசகத்தை முன்கூட்டியே எழுதி, சர்வே எண்ணோடு, ஊராட்சி அலுவலகத்தில் ஒரு வாரம் முன்பே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். 'அப்புறம் எழுதிக்கிறோம்' என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கூட்டம் முடியும் முன் புத்தகத்தில் ஏறியதைப் படம் எடுங்கள்.

மனு, காவல் நிலையம், தீர்ப்பாயம்

மனு ஒரு பக்கம். சர்வே எண், ஆணை எண், அனுமதித்த அளவு, நீங்கள் அளந்த அளவு, அளந்த தேதி, கேட்பது என்ன. 'நடவடிக்கை எடுக்க வேண்டுகிறோம்' என்று மொட்டையாக முடித்தால் 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று மொட்டையாகப் பதில் வரும். 'சர்வேயருடன் எங்கள் முன்னிலையில் குழியை அளக்க வேண்டும், அதுவரை நடைச்சீட்டு நிறுத்த வேண்டும்' என்று கேளுங்கள். திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து எண்ணோடு ரசீது வாங்குங்கள். நகல் கனிமவளத்துறை, பொன்னேரி வருவாய்க் கோட்ட அலுவலகம், நீர்வளத்துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். முதல்வர் உதவி எண் 1100ல் பதிவு செய்த எண்ணையும் குறித்து வையுங்கள்.

நடைச்சீட்டு இல்லாமல் லாரி போகும்போது காவல் நிலையத்தில், 'இது கனிமச் சட்டம், நாங்கள் வழக்குப் போட முடியாது' என்பார்கள். 1957ஆம் ஆண்டு கனிமச் சட்டத்தில் நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள அதிகாரம் பெற்ற அலுவலர் புகார் வேண்டும் என்பது சரி. ஆனால் அரசு மண்ணைத் திருடுவது தனிக் குற்றம், அதற்குக் காவல்துறை வழக்குப் பதியலாம் என்று 2014ல் சஞ்சய் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 303ஆம் பிரிவு. குறைந்தது சி.எஸ்.ஆர். ரசீதாவது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) இல்லாமல் திரும்பாதீர்கள்.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சேப்பாக்கம் கலச மகாலில். மீஞ்சூரிலிருந்து மின்சார ரயிலில் போய் வந்துவிடலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய், வக்கீல் இல்லாமலும் வாதாடலாம், தமிழ் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வைக்க வேண்டும். இரண்டு இடத்தில் வழக்கு விழும். ஒன்று, காலம். பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம், காரணம் காட்டினால் மேலும் 60 நாள். ஒரு வருஷம் மனு மேல் மனு போட்டுக் காத்திருந்துவிட்டு வந்தால் வாசலிலேயே திருப்புவார்கள். புதிதாகத் தந்த சுற்றுச்சூழல் அனுமதியையே எதிர்ப்பதானால் 30 நாள், அதிகம் போனால் இன்னும் 60. ஆகவே மாதம் ஒருமுறை பரிவேஷைத் திறந்து பாருங்கள். இரண்டாவது, விஷயம். கனிமச் சட்டம் இந்தத் தீர்ப்பாயத்தின் அட்டவணையில் இல்லை. 'அரசுக்கு வருவாய் இழப்பு' என்று எழுதாதீர்கள். சுற்றுச்சூழல் அனுமதி இல்லை, அல்லது அதன் நிபந்தனை மீறல் என்று 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் கீழ் எழுதுங்கள். சீனியரேஜ் மோசடியும் சவுடுத் தீர்ப்பு மீறலும் உயர்நீதிமன்றத்துக்கு.

பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் என்றால் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். முதல் மனுதாரராக இப்படி ஒருவர் இருப்பது செலவைக் குறைக்கும். ஆனால் மிரட்டலும் முதல் பெயருக்குத்தான் வரும். நாலைந்து பேர் சேர்ந்து போடுங்கள்.

தீர்ப்பாயம் பெரும்பாலும் கூட்டுக் குழு அமைத்து ஆய்வுக்கு அனுப்பும். குழு வரும் தேதியை எழுத்தில் கேட்டு வாங்கி, அன்றைக்கு டியூப், நோட்டு, வரைபடத்தோடு நில்லுங்கள். சொல்லாமல் வந்து போனால், பார்த்தது எந்தக் குழி என்று ஆட்சேபம் எழுதி அடுத்த விசாரணைக்கு முன் தாக்கல் செய்யுங்கள்.

பாதுகாப்பு

இரவில் தனியாக லாரியை மறிக்காதீர்கள், டிரைவர் அண்ணனோடு சண்டை வேண்டாம். அவர் கூலிக்கு வந்தவர், நிற்காமல் போகச் சொல்லி உத்தரவும் இருக்கலாம். புதிதாக வெட்டிய குழியின் விளிம்பில் நிற்காதீர்கள், அடியில் மணல் என்றால் எச்சரிக்காமல் சரியும். ஆர்ப்பாட்டத்துக்கு ஐந்து நாளுக்கு மேல் இடைவெளி விட்டுக் காவல் நிலையத்தில் எழுத்தில் அனுமதி கேளுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். நோட்டின் நகல் மூன்று வீட்டில் இருக்கட்டும், ஒன்று ஊருக்கு வெளியே.

பிடித்த லாரி அபராதம் கட்டி வெளியே வந்து அதே வேலைக்குத் திரும்புவது சகஜம். வண்டி எண் மறுபடி நோட்டில் ஏறினால் பழைய வழக்கு எண்ணோடு புது மனு போடுங்கள். குவாரி நின்ற பிறகும் குழி அப்படியே கிடக்கும். மழை பெய்ததும் ஆழம் தெரியாமல் பிள்ளைகள் குளிக்க இறங்குவார்கள். வேலி, எச்சரிக்கைப் பலகை, கரைச் சரிவைச் சாய்வாக்குவது மூன்றையும் புரட்டாசிக்குள் முடிக்கச் சொல்லி ஆடியிலேயே மனு கொடுங்கள். கிணற்று அளவை நிறுத்தாதீர்கள். ஏரி நிறைந்திருக்கும்போது எடுக்கும் கிணற்று மட்டம்தான் அடுத்த குவாரி ஆணைக்கு எதிரான முதல் பக்கம்.